ஐந்து நாளில் ஒரு குடும்பம்



அழைப்பிதழில் 'தொலைக்காட்சிச் சித்திரத் தொடர்களின் தொடக்கம்' என்று கௌரவமாகப் போட்டிருக்கிறார்கள். கௌரவத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சொல்கிறேன். இன்றைக்கு நான் பேச வந்திருப்பது வாத்துகளைப் பற்றி. கூடவே ஒரு கரடி, இரண்டு அணில்கள், கல்லாய் உறைந்த சில பூதங்கள். சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள்.

1990களில் ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் 'டக் டேல்ஸ்' வரும், 'டேல் ஸ்பின்' வரும். எல்லாம் இந்தியில். எனக்கு இந்தியில் ஒன்று முதல் பத்து வரை எண்ணத் தெரியும்; அதிலும் ஏழுக்கும் எட்டுக்கும் அடிக்கடி தகராறு. ஆனாலும் பார்த்தோம். தெருவே பார்த்தது. கண்ணாடி போட்ட ஒரு கிழட்டு வாத்து, தங்கக் காசுக் குவியலுக்குள் கிணற்றில் குதிப்பதுபோலத் தலைகீழாகக் குதிக்கும். பின்னாலேயே மூன்று குட்டி வாத்துகள் ஓடும்.

ஒரு நாள் அப்பா நாளிதழை இறக்கிவிட்டுக் கேட்டார். "ஏண்டா, அந்தக் கிழவனுக்கு இந்தப் பசங்க யாரு? பேரன்களா?" எனக்குத் தெரியவில்லை. "பிள்ளைகளா இருக்கும்" என்றான் அண்ணன். "பிள்ளைகன்னா பொண்டாட்டி எங்கே?" என்றாள் அக்கா. அப்பா மறுபடி, "பேரன்தான்டா" என்றார். நாங்கள் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குள் கரண்ட் போய்விட்டது. அந்தக் காலத்தில் கரண்ட்டுக்குக் கதை ரசனையே கிடையாது. சரியாக உச்சத்தில்தான் போகும்.

அந்தக் கேள்விக்குப் பதில் பல வருஷம் கழித்துத்தான் எனக்குக் கிடைத்தது. அது அந்தத் தொடரின் முதல் கதையில் இருந்தது. ஐந்து பாகமாக ஓடும் கதை. அந்த ஐந்து பாகத்தைப் பார்த்த பிறகு எனக்கு இன்னொரு கேள்வி வந்தது. ஒரு தொடரைத் தொடங்க ஒரு பாகம் போதாதா? எதற்கு ஐந்து? இன்றைய பேச்சு அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

'பைலட்' என்று டிவிக்காரர்கள் சொல்வார்கள். விமானம் ஓட்டுகிறவர் அல்ல. தேர் ஓடுவதற்கு முன் வெள்ளோட்டம் விடுகிறோம் இல்லையா, அதுதான். ஒரு பாகம் எடுத்துப் போட்டுக் காட்டுவார்கள். சேனல்காரர் தலையாட்டினால் மேற்கொண்டு எடுப்பார்கள். உதட்டைப் பிதுக்கினால் அந்த ஒரு பாகம் பெட்டிக்குள் போய்விடும். இது பொதுவான வழக்கம்.

ஆனால் 'டக் டேல்ஸ்' விஷயத்தில் வெள்ளோட்டத்துக்கு முன்பே தேர் முழுதாகத் தயாராகிவிட்டது. முதல் சீசனுக்கே 65 பாகம் என்று முடிவாகிவிட்டது. அது என்ன 65? யாருடைய ராசி எண்?

ராசி எண் இல்லை, கடைக் கணக்கு. அமெரிக்காவில் அதற்கு முன் கார்ட்டூன் என்றால் பெரும்பாலும் சனிக்கிழமை காலை. வாரத்துக்கு ஒன்று. சீசனுக்கு 13 எடுத்தால் போதும், மீதி நாளுக்குத் திரும்பத் திரும்ப ஓட்டலாம். 1980களில் ஊருக்கு ஊர் இருந்த உள்ளூர் நிலையங்கள் வேறொன்று கேட்டன. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வீசிவிட்டு டிவி முன்னால் உட்காரும் நேரத்துக்கு, திங்கள் முதல் வெள்ளி வரை, தினம் ஒன்று. வாரத்துக்கு ஐந்து. பதின்மூன்று வாரத்துக்கு 65. அதை நான்கு சுற்று சுற்றினால் 52 வாரம், வருஷம் முடிந்தது. 1983-ல் 'ஹீ-மேன்' இந்தக் கணக்கில்தான் வந்தது. இந்தக் கணக்கு எவ்வளவு கறாரானது தெரியுமா? ஜப்பானில் 'மாக்ரோஸ்' என்று நல்ல தொடர் ஒன்று இருந்தது. வெறும் 36 பாகம். அமெரிக்க தினசரி ஒளிபரப்புக்குப் பற்றாது. அதனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இன்னும் இரண்டு ஜப்பானியத் தொடர்களை அதோடு ஒட்டி, 85 பாகமாக்கி, 'ரோபோடெக்' என்று பெயர் சூட்டி 1985-ல் விட்டார்கள். கதைக்காகக் கணக்கு இல்லை, கணக்குக்காகக் கதை.

வாரத்துக்கு ஐந்து நாள் என்று ஆகிவிட்டபோது, தொடக்கக் கதையும் ஐந்து நாள் ஓடட்டுமே என்று யாருக்கும் தோன்றும்தானே? திங்கள் தொடங்கி வெள்ளி முடியும். ஒவ்வொரு நாளும் கதாநாயகனை மலை விளிம்பில் தொங்கவிட்டுவிட்டுப் போனால் மறுநாள் பிள்ளை தானாக வந்து உட்காரும்.

இதை முதலில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர்கள் பொம்மை வியாபாரிகள். ஹாஸ்ப்ரோ கம்பெனியின் 'ஜி.ஐ. ஜோ' 1983 செப்டம்பரில் ஐந்து நாள் கதையாக வந்தது. 1984-ல் இன்னொரு ஐந்து நாள். 1985-ல் மூன்றாவது ஐந்து நாள் கதையோடு தினசரித் தொடர். இது அசல் வெள்ளோட்டம், அதுவும் இரண்டு தடவை. அதே ஹாஸ்ப்ரோவின் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' 1984 செப்டம்பரில் மூன்று பாகத்தில் தொடங்கியது. 'நிஞ்சா டர்ட்டில்ஸ்' 1987 டிசம்பரில் ஐந்து பாகம். ஆமைப் பொம்மைகள் மறு வருஷம் கடைக்கு வந்தன. குழந்தைகள் நிகழ்ச்சிகளில் எத்தனை நிமிஷம் விளம்பரம் போடலாம் என்ற வரம்பை அமெரிக்க அரசு 1984-ல் எடுத்துவிட்டிருந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா?

இந்தப் பொம்மைத் தொடக்கங்களைப் பற்றி என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இவை வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பது போலத்தான் இருக்கும். ஒருவன் இன்னொருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அவன் லாரியாக மாறுவான். அவன் மற்றவனைக் கூப்பிடுவான். அவன் விமானமாக மாறுவான். அட்டைப் பெட்டியில் அச்சிட்ட பெயர் பிள்ளையின் வாயில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். இருபது பேர் அறிமுகம் ஆவார்கள். ஒருவனும் மனதில் தங்க மாட்டான். 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' ரோபோக்கள் நாற்பது லட்சம் வருஷம் எரிமலைக்குள் உணர்விழந்து கிடந்து 1984-ல் எழுந்திருக்கிறார்கள் என்ற கற்பனை மட்டும் அபாரம். கும்பகர்ணனே வெட்கப்படுவான்.

சரி, வாத்துகளிடம் வருகிறேன்.

1987 செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை. அந்த வார இறுதியில் அமெரிக்க நிலையங்களில் 'டக் டேல்ஸ்' முதல் கதை, தங்கச் சூரியன்களின் புதையல் கதை, இரண்டு மணி நேரப் படமாக ஒளிபரப்பானது. திங்களன்று தினசரித் தொடர் ஆரம்பம். பிற்பாடு அதே படம் ஐந்து பாகமாகப் பிரிந்து தினசரி வரிசைக்குள் போய் உட்கார்ந்தது. நம் வீட்டு அம்மாக்களுக்கு இந்த வித்தை புதிதில்லை. ஒரே மாவு. முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, புளித்துவிட்டால் ஊத்தப்பம். 'ஷீ-ரா' தொடரின் முதல் ஐந்து பாகங்களோ 1985 மார்ச்சில் சினிமாக் கொட்டகைக்கே படமாகப் போய்விட்டு, செப்டம்பரில்தான் டிவிக்கு வந்தன.

ஆனால் இந்த மாவை அரைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஐந்து பாகத்துக்கான இடத்தை அவர்கள் எப்படிச் செலவழித்தார்கள் என்று பாருங்கள்.

கதை தொடங்கும்போது அந்தக் கிழட்டு வாத்து, ஸ்க்ரூஜ் மக்டக், தனி ஆள். உலகப் பணக்காரர், உலகக் கஞ்சர். டொனால்ட் டக் கடற்படையில் சேரப் போகிறான். தன் பொறுப்பில் இருக்கும் மூன்று பையன்களை, ஹூயி, டூயி, லூயி மூவரையும் இந்தக் கிழவர் தலையில் கட்டிவிட்டுப் போகிறான். கிழவருக்கு இஷ்டமில்லை. பையன்களுக்கும் இது புது இடம். முதல் பாகத்தில் புதையல் கிடைக்கிறதா என்பதைவிட, இந்த வீட்டில் இவர்களுக்கு இடம் கிடைக்குமா என்பதுதான் விஷயம். ஒரு பொம்மைக் கப்பல் களவு போகிறது. அதைத் துரத்திக்கொண்டு அடுத்த பாகத்தில் ரோங்வே என்ற கற்பனை நாட்டின் பாலைவனத்துக்குப் போகிறார்கள்.

மூன்றாம் பாகத்தில்தான் எழுத்தாளர்களின் கைநேர்த்தி தெரிகிறது. பையன்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மிஸஸ் பீக்லி என்ற அம்மாள் வருகிறார். என்ன சம்பளம் கேட்கிறார்? தனக்கும் தன் பேத்தி வெப்பிக்கும் தங்க இடம், சாப்பாடு. கஞ்சருக்கு வாயெல்லாம் பல்! சல்லிக்காசு செலவில்லாமல் வேலைக்கு ஆள். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் அவர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கூலி கொடுத்து வைத்தால் வேலைக்காரி. இடமும் சோறும் கொடுத்து வைத்தால்? வீட்டு ஆள்! காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று போய்க் கிழவர் குடும்பத்தை இரண்டு பேரால் பெருக்கிவிட்டார். அதே பாகத்தில் லாஞ்ச்பேட் என்ற விமான ஓட்டியும் வந்து சேர்கிறான். விமானத்தை ஓட்டுவான், தரையில் மட்டும் ஒழுங்காக இறக்க மாட்டான்.

நான்காம் பாகத்தில் அண்டார்டிகா. வெப்பி விமானத்தில் ஒளிந்துகொண்டு கூடவே வந்துவிடுகிறாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. தம்பி தங்கை இருக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் பாகத்தில் புதையல் கிடைத்துவிடுகிறது. கிடைத்ததும் ஸ்க்ரூஜுக்குத் தங்கப் பித்துப் பிடிக்கிறது. அங்கே அவரைப் போலவே இன்னொரு கிழவன் இருக்கிறான், எல் கேப்பிட்டன். 400 வருஷமாகச் சாகாதவன். எது அவனைச் சாகவிடவில்லை? பேராசை. அந்தத் தங்கத்தைத் தேடியே நானூறு வருஷம் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறான். இரண்டு கிழவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டுகிறார்கள். ஒரு வார்த்தை உபதேசம் இல்லை. ஒருவனுக்குப் பின்னால் யாரும் இல்லை. இன்னொருவருக்குப் பின்னால் மூன்று பையன்கள், ஒரு சிறுமி, ஒரு பாட்டி, ஒரு அரைகுறை விமான ஓட்டி. தங்கம் உருகி ஓடுகிறது. ஸ்க்ரூஜ் புதையலை விட்டுவிட்டு ஆட்களோடு வெளியே வருகிறார்.

22 நிமிஷம் ஓடும் ஒரே பாகத்தில் இதைச் செய்ய முடியுமா? புதையலைத் தேடலாம், கண்டும் பிடிக்கலாம். முதல் நாள் 'இந்தப் பிள்ளைகள் எதற்கு' என்று முகம் சுளித்த கிழவரை வேறு ஆளாக மாற்ற முடியாது. அதற்குப் பொழுது வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. தினசரித் தொடரை உள்ளூர் நிலையங்கள் எந்த வரிசையிலும் ஓட்டும். இன்றைக்கு 40-வது, நாளைக்கு 12-வது. அதனால் எந்தப் பாகத்திலும் எதுவும் நிரந்தரமாக மாறக் கூடாது. கை உடைந்தால் அன்றைக்கே கட்ட வேண்டும். சொத்து போனால் அன்றைக்கே திரும்ப வேண்டும். இதை நினைத்துப் பாருங்கள். 65 பாகத்தில் அறுபதில் யாரும் மாற முடியாது. மாறுவதற்கு அனுமதி உள்ள ஒரே இடம் அந்த முதல் ஐந்துதான்! எழுத்தாளர்கள் அங்கே உயிரைக் கொட்டியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? பிற்பாடு இதே தொடரில் புதிதாக ஆள் சேர்த்தபோதும் ஐந்து பாகக் கதைதான் கட்டினார்கள். 1988-ல் பப்பா என்ற ஆதிகாலக் குட்டி வாத்து வந்தபோது ஐந்து. 1989-ல் இரும்புக் கவசம் மாட்டிய கிஸ்மோடக் வந்தபோது ஐந்து. வீட்டுக்குப் புது ஆள் வந்தால் ஐந்து நாள் திருவிழா.

இது வாத்து வீட்டில் மட்டும் நடந்த கதை என்று நினைக்காதீர்கள். 1990 செப்டம்பர் 7 அன்று 'டேல் ஸ்பின்' வந்தது. நான்கு பாகக் கதை, முதலில் இரண்டு மணி நேரப் படமாக. பலூ கரடியைக் காட்டிலிருந்து கூட்டி வந்து சரக்கு விமானம் ஓட்டவிட்டார்கள். சோம்பேறி. கடன் கட்டவில்லை, வங்கிக்காரர்கள் வந்துவிட்டார்கள். ரெபெக்கா என்ற பெண்மணி அந்தத் தொழிலை வாங்குகிறாள். நேற்று வரை முதலாளி, இன்று தன் விமானத்திலேயே சம்பளக்காரன். நடுவில் கிட் என்ற பையன், ஆகாயக் கொள்ளையரிடமிருந்து ஒரு கல்லைத் திருடிக்கொண்டு ஓடி வந்தவன். தாய் தகப்பன் இல்லை. ஒரு கட்டத்தில் பலூவையும் மற்றவர்களையும் காப்பாற்றுவதற்காக அந்தப் பையன் கொள்ளையரோடு மறுபடி சேர்ந்துவிட்டதுபோல நடிக்கிறான். பலூ அதை நிஜமென்று நம்பிவிடுகிறான். அத்தனை பெரிய உடம்பு, முகம் மட்டும் வாடிப்போய் நிற்கும். நான் பெரியவனான பிறகு பார்த்தும் தொண்டை அடைத்தது. பொம்மை விற்பவர்களால் இந்த ஒரு முகத்தை வரைய முடிந்ததா?

'ரெஸ்க்யூ ரேஞ்சர்ஸ்' இன்னும் வேடிக்கை. சிப், டேல் என்ற அணில்கள் துப்பறியும் தொடர். 1989 மார்ச்சில் தொடர் ஆரம்பித்துவிட்டது. இவர்கள் எப்படி ஒன்று சேர்ந்தார்கள் என்ற ஐந்து பாகக் கதை சில மாதம் கழித்துத்தான் வந்தது. குழந்தை பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகு கல்யாணப் பத்திரிகை அடித்ததுபோல! அதிலும் பாருங்கள், அவர்கள் கூட்டாளி மான்டெரி ஜாக் தன் பழைய சிநேகிதனைத் தேடிப் போகிறான். சிநேகிதன் இறந்துவிட்டான். அவன் மகள் கேட்ஜெட் தனியாக இருக்கிறாள். அவளைக் கூட்டி வருகிறார்கள். 1991-ல் 'டார்க்விங் டக்' இரண்டு பாகத்தோடு நிறுத்திக்கொண்டது. தன் புகழைத் தவிர வேறெதையும் நேசிக்காத ஒரு சூரர். தாத்தா பாடிய தாலாட்டுக்குள் ஆயுதத்தின் ரகசியக் குறியீட்டைச் சுமந்துகொண்டிருக்கும் ஓர் அனாதைச் சிறுமி. கடைசியில் அவளைத் தத்தெடுத்துக்கொள்கிறார்.

இந்த வரிசையில் தனித்து நிற்பது 'கார்கோயில்ஸ்'. ஐரோப்பியத் தேவாலயங்களின் கூரை விளிம்பில் மழைநீர் வடியச் செதுக்கிய கோர உருவங்கள் உண்டு, நம் யாளிக்குத் தூரத்துச் சொந்தம். இந்தத் தொடரில் அவை பகலில் கல், இரவில் உயிர். 1994 அக்டோபர் 24 திங்கள் முதல் 28 வெள்ளி வரை, கணக்காக ஐந்து நாள். கதை கி.பி. 994-ல் ஸ்காட்லாந்துக் கோட்டை ஒன்றில் ஆரம்பிக்கிறது. யாருக்காகக் காவல் காத்தார்களோ அவர்களே காட்டிக்கொடுக்கிறார்கள். பகலில் கல்லாக நிற்கும்போது பகைவர்கள் வந்து உடைத்து நொறுக்குகிறார்கள். இரவில் அவர்கள் தலைவன் கோலியாத் திரும்பி வந்து பார்க்கிறான். சிதறிக் கிடப்பது கல்லா, சொந்தங்களா? பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூனில் இது முதல் நாள் கதை!

மிஞ்சிய சிலர் ஆயிரம் வருஷம் கல்லாகவே உறைகிறார்கள். ஒரு கோடீஸ்வரன் அந்தக் கோட்டையைக் கல் கல்லாகப் பெயர்த்து நியூயார்க் கட்டட உச்சியில் வைக்கிறான். விழிக்கிறார்கள். கோலியாத்தைத் தவிர அவர்களில் ஒருவருக்கும் பெயர் கிடையாது. பெயர் என்பது மனிதர்களின் பழக்கம் என்று நினைப்பவர்கள். புது ஊரில் ஆளுக்கொரு பெயர் எடுத்துக்கொள்கிறார்கள், ஆற்றின் பெயர், தெருவின் பெயர், பேட்டையின் பெயர்: ஹட்சன், பிராட்வே, லெக்சிங்டன், புரூக்ளின், பிராங்க்ஸ். எல்லாம் இழந்து வந்து இறங்கியவன் புது ஊரின் பெயரைத் தன் மேல் ஒட்டிக்கொள்கிறான். டிரான்ஸ்ஃபார்மரில் பெயர் சொன்னதற்கும் இங்கே பெயர் சொல்வதற்கும் எவ்வளவு தூரம்!

2017-ல் 'டக் டேல்ஸ்' புதிதாக வந்தபோது ஒரு மணி நேரத்தில் தொடங்கிவிட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் காலம் மாறிவிட்டது. இப்போதெல்லாம் ஒரு தொடரின் பத்துப் பாகத்தை ஒரே நாளில் கொட்டிவிடுகிறார்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டுக் காலையில் பெயர் மறந்துபோகிறது.

ஒன்று பாக்கி இருக்கிறது. அப்பாவின் கேள்வி.

டொனால்ட், ஸ்க்ரூஜின் தங்கை மகன். அந்த மூன்று பையன்கள் டொனால்டின் கூடப்பிறந்தவளின் பிள்ளைகள். அமெரிக்காவில் எல்லோருக்கும் அவர் 'அங்கிள்'தான், வித்தியாசமில்லை. நம் முறைப்படி? டொனால்டுக்கு அவர் தாய்மாமன். பையன்களுக்கு? தங்கை மகளின் பிள்ளைகள், ஆகவே பேரன்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் ஒரு காகிதத்தில் வம்சாவளி வரைந்தே காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "நான் அன்னைக்கே சொன்னேன், பேரன்னு. யாரு கேட்டீங்க?" என்றார்.

பெற்றோர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் இந்தப் பழைய கதைகளைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினால், ஐந்தையும் ஒரே மூச்சில் காட்டிவிடாதீர்கள். திங்கட்கிழமை தொடங்குங்கள், நாளுக்கு ஒன்று. அடுத்தது என்ன என்று பிள்ளை கேட்டால், நாளைக்கு என்று சொல்லுங்கள்.